மாதக் கடைசியில் வந்து நிற்பவர்

"சார், கிடங்கு ஆட்டோமேஷனுக்கு எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்று கேட்டு அடிக்கடி போன் வரும். கேட்பவர் மொத்த வியாபாரியாக இருப்பார், இல்லையென்றால் அவரிடம் வேலை பார்க்கும் லாஜிஸ்டிக்ஸ் மேனேஜராக இருப்பார். கையில் மூன்று கொட்டேஷன் இருக்கும். நான் ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்பேன்: "மாதத்திலேயே ரொம்ப நெருக்கடியான நாள்ல உங்க கிடங்குல எத்தனை லைன் வெளியே போகுது?" இன்வாய்ஸில் ஒரு பொருளுக்கு ஒரு வரி, அதைத்தான் நாங்கள் லைன் என்போம். பெரும்பாலானவர்கள் சராசரியைச் சொல்வார்கள். அந்தச் சராசரியைத்தான் சப்ளையரிடமும் கொடுத்திருப்பார்கள். அதை வைத்துப் போட்ட கொட்டேஷன்கள்தான் அந்த மூன்றும்.

வாகன உதிரிபாகக் கிடங்குகளில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. சென்னை மாதவரத்தில் தகரக்கூரை குடோனில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பெரிய ஷெட்களுக்கு வந்து சேர்ந்தேன். ரேக், கன்வேயர், தானியங்கி கிரேன், தரையில் ஓடும் ரோபோ என்று ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுக்கும்போது வாங்குபவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆட்டோமேஷன் தேவை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வருவதற்கு முன், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. அதைத் தவிர்க்கக் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு டிப்போ வைத்திருந்தன. எல்லாமே சிறியவை, ஸ்டோர்கீப்பரின் ஞாபகசக்தியில் ஓடியவை. எந்த ஆயில் சீல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஜிஎஸ்டி வந்ததும் அந்த டிப்போக்களை மூடி, நாலைந்து மாநிலங்களுக்கு ஒரே பெரிய கிடங்கு என்று மாற்றினார்கள். கூரை 12 மீட்டர் உயரத்துக்குப் போனது. பார்ட் நம்பர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் குவிந்தன. ஒருவருடைய ஞாபகத்தில் அடங்காத அளவு அது. அப்போதுதான் ஆட்டோமேஷன்காரர்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள்.

வருகிறவர்கள் பலவகை. ஜப்பானின் டைஃபுகு, ஜெர்மனியின் எஸ்எஸ்ஐ ஷேஃபர் போன்ற பழைய பெரிய பெயர்கள் ஒரு பக்கம். 2011-இல் தொடங்கிய கிரேஆரஞ்ச், 2016-இல் நொய்டாவில் தொடங்கிய ஆட்வெர்ப் போன்ற, நம் நாட்டில் பிறந்த நிறுவனங்கள் இன்னொரு பக்கம். நமக்குப் பக்கத்திலேயே, கோயம்புத்தூரின் கிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோமேஷன் ரேக்கும் சேமிப்பு அமைப்புகளும் செய்கிறது. இவர்களில் யார் சிறந்தவர் என்று பொதுவாகச் சொல்ல யாராலும் முடியாது. உங்கள் கிடங்குக்கு யார் பொருந்துவார் என்பதைத்தான் சொல்ல முடியும்.

அதைக் கண்டுபிடிக்க நான் நம்புவது மாதக் கடைசியை. நம் நாட்டில் விற்பனை மாதம் முழுவதும் சமமாக ஓடுவதில்லை. டீலருக்கு டார்கெட், சேல்ஸ்மேனுக்கு இன்சென்டிவ், எல்லாம் முப்பதாம் தேதி கணக்கில்தான். முதல் வாரம் கிடங்கில் சரக்கு வந்து இறங்கும், வெளியே போவது குறைவு. கடைசி நாலைந்து நாளில் மொத்தமும் கிளம்பும். லாரிகள் சர்வீஸ் ரோடு வரை நிற்கும். டிரைவர்கள் கேட்டில் சத்தம் போடுவார்கள். வெளிநாட்டு சப்ளையரின் வடிவமைப்புக் குழுவிடம் இதைச் சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள். "ஏன் விற்பனையைச் சீராக்கக் கூடாது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது கிடங்கு மேனேஜர் கையில் இல்லை.

ஒருமுறை ஆட்டோமேஷன் நிறுவனம் ஒன்றின் இளம் இன்ஜினியர், தானாகவே கேட்டு, மாதக் கடைசி ராத்திரி எங்கள் கிடங்கில் வந்து நின்றார். கையில் நோட்டும் ஸ்டாப்வாட்ச்சும். பிக்கிங் செய்யும் பையன்கள் பின்னால் நடந்தார், பேக்கிங் மேஜையில் நின்றார், லாரியில் ஏற்றும் டாக்கில் நின்றார். விடிகாலையில் டீ குடிக்கும்போது சொன்னார்: "சார், உங்க சரக்கு பிக்கிங்ல நிக்கலை. பேக் ஆன பெட்டி டாக்ல கிடக்குது. இன்வாய்ஸும் இ-வே பில்லும் வர்றதுக்குக் காத்திருக்குது. இதுக்கு கன்வேயர் போட்டா, காத்திருக்கிற பெட்டி இன்னும் சீக்கிரம் வந்து காத்திருக்கும். அவ்வளவுதான்." அவர் விற்க வந்ததே கன்வேயர். பில்லிங் முறையை முதலில் மாற்றினோம். ஆர்டர்களை ராத்திரி மொத்தமாகப் பில் போடுவதை விட்டுவிட்டு, லாரிவாரியாக, பகலிலிருந்தே போட ஆரம்பித்தோம். டாக் காலியானது. அதற்குப் பிறகு, நிஜமாகவே தேவைப்பட்ட இடத்துக்கு, முதலில் நினைத்ததைவிடச் சின்ன கன்வேயரை அந்த நிறுவனத்திடமே வாங்கினோம். வாங்கு என்று சொல்ல எல்லோரும் வருவார்கள். இது உனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரைப் பார்த்தால் விடக் கூடாது என்பது அன்றிலிருந்து என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த மாதக் கடைசி விவகாரம் கொட்டேஷனில் உள்ள எண்களையே புரட்டிவிடும். தானியங்கி கிரேன் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேலட் கையாளும் என்பதை சப்ளையர்கள் பெரும்பாலும் இரட்டைச் சுற்றுக் கணக்கில் சொல்வார்கள். கிரேன் போகும்போது ஒரு பேலட்டை ரேக்கில் வைத்துவிட்டு, திரும்பும்போது இன்னொன்றை எடுத்துக்கொண்டு வரும். ஒரு பயணத்தில் இரண்டு வேலை. கேட்க நன்றாக இருக்கும். வைக்கவும் எடுக்கவும் ஒரே நேரத்தில் வேலை இருந்தால்தான் அது நடக்கும். எங்களுக்கு முதல் வாரம் வைப்பது மட்டும், கடைசி வாரம் எடுப்பது மட்டும். கிரேன் பாதி வழி வெறுமனே ஓடும். ஆகவே ஒற்றைச் சுற்றுக் கணக்கைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். அதைக் கேட்டவுடன் எந்தத் தயக்கமும் இல்லாமல் எடுத்துக் கொடுப்பவரும் இருக்கிறார், பேச்சை மாற்றுபவரும் இருக்கிறார்.

இன்னொரு எண் 99 சதவீதம். "எங்க மெஷின் 99 சதவீத நேரம் ஓடும் சார்" என்பது எல்லோருடைய பவர்பாயிண்டிலும் உண்டு. எந்த மெஷின்? கிரேன், கன்வேயர், லிஃப்ட், ஸ்கேனர், சார்ட்டர் என்று ஒன்றன் பின் ஒன்றாக எட்டு கருவிகள் இருந்து, ஒவ்வொன்றும் 99 சதவீதம் ஓடினால், மொத்த வரிசையும் ஓடும் நேரம் சுமார் 92 சதவீதம்தான். 0.99-ஐ எட்டு முறை பெருக்கிப் பாருங்கள். இரண்டு ஷிஃப்ட், 16 மணி நேரம் என்றால் தினமும் ஒன்றேகால் மணி நேரம் நிற்கும். அந்த ஒன்றேகால் மணி நேரம் முதல் வாரத்தில் வந்தால் யாருக்கும் தெரியாது. முப்பதாம் தேதி வந்தால் கம்பெனிக்கே தெரியும். ஒப்பந்தத்தில் எழுதும் சதவீதம் முழு வரிசைக்கானதாக இருக்க வேண்டும், அதை எப்படி அளப்பது என்பதும் கூடவே எழுதப்பட வேண்டும்.

டெமோவைப் பற்றி ஒரு வார்த்தை. சப்ளையரின் டெமோ கூடத்தில் அட்டைப்பெட்டிகள் புத்தம் புதிதாக இருக்கும். பார்கோடு பளிச்சென்று இருக்கும். எங்களிடம் வரும் பெட்டி மழையில் நனைந்து அடி தொங்கியிருக்கும். மரப் பேலட்டின் அடிப்பலகை உடைந்திருக்கும், ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரோலர் கன்வேயரில் உடைந்த பலகை சிக்கினால் அந்தப் பக்கம் முழுக்க நிற்கும். அதனால் நாங்கள் டெமோவுக்குப் போகும்போது எங்கள் சரக்கையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். அதிலும் மோசமானவற்றைப் பொறுக்கி எடுப்போம்: கிழிந்த லேபிள், எண்ணெய் பட்ட பெட்டி, நீளமான சைலன்சர், கண்ணாடி, பம்பர். எதை மெஷின் எடுக்கும், எதை எடுக்காது என்று அங்கேயே பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். "எடுக்காத சரக்குக்கு என்ன செய்வீங்க?" என்ற கேள்விக்கு, "அதை ஆட்களே செய்யட்டும், அதற்கு இந்த மூலையில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்" என்று வரைபடத்தில் காட்டுபவர் கிடங்கை அறிந்தவர். எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளும் என்பவரிடம் உதிரிபாகக் கிடங்கை ஒப்படைக்க எனக்குத் துணிவில்லை.

எங்கள் பக்கமும் வீட்டுப்பாடம் உண்டு. ஒவ்வொரு பார்ட்டின் நீளம், அகலம், உயரம், எடை கணினியில் சரியாக இருக்க வேண்டும். பல கம்பெனிகளில் எடை என்ற இடத்தில் எல்லாப் பொருளுக்கும் 1 என்று அடித்திருப்பார்கள், சிஸ்டம் காலியாக விட அனுமதிக்காது என்பதற்காக. கிளட்ச் பிளேட்டும் 1 கிலோ, வாஷரும் 1 கிலோ. இந்தத் தரவைக் கேட்காமலே வடிவமைப்பு போட்டுக் கொடுக்கும் சப்ளையரை நான் அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவதில்லை.

சப்ளையர் ஏற்கெனவே மெஷின் போட்ட இடங்களைப் போய்ப் பார்ப்பது வழக்கம். அங்கே நம்மை ஏசி அறையில் உட்கார வைத்து, அந்த கம்பெனியின் பெரியவர் பேசுவார். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கியது. நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். நான் மெயின்டனன்ஸ் ஆளைத் தேடிப் போவேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் அப்படி ஒரு ஃபிட்டரிடம் பேசினேன். கிரேன் பேனலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் நல்ல மெஷின்தானுங்க சார். குறை சொல்ல முடியாது. ஆனா நின்னு போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியறதில்லீங்க. புரோகிராம் பாஸ்வேர்டு அவங்ககிட்டத்தான் இருக்குது. லேப்டாப்போட அவங்க ஆளு வரோணும்."

"எவ்வளவு நேரமாகும் வர்றதுக்கு?"

"பகல்ல போன் எடுப்பாங்க. ராத்திரின்னா விடியட்டும்ம்பாங்க."

"டிராயிங் இருக்கா?"

"கேட்டுக்கிட்டே இருக்கோமுங்க."

மெஷினை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவியின் பாஸ்வேர்டு, அதில் ஓடும் புரோகிராமின் நகல், வயரிங் படங்கள், கைவசம் வைக்க வேண்டிய ஸ்பேர்களின் பட்டியலும் விலையும் — இவை நான்கும் மெஷினோடு சேர்ந்து வாங்குபவருக்கு வர வேண்டும் என்று அதற்குப் பிறகு நாங்கள் போட்ட ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் எழுதினோம். சிலர், "அது எங்கள் தொழில் ரகசியம்" என்றார்கள். மென்பொருளின் மூலநிரல் ரகசியமாக இருக்கலாம். அதை ஒரு மூன்றாவது தரப்பிடம் பூட்டி வைத்து, கம்பெனி மூடப்பட்டால் மட்டும் திறக்கலாம் என்று ஏற்பாடு செய்துகொள்ள வழியிருக்கிறது. ஆனால் சென்சார் மாற்றக்கூட அவர்களைக் கூப்பிட வேண்டும் என்பது ரகசியத்தில் சேராது.

கம்பெனி மூடப்பட்டால் என்ற பேச்சு வெறும் பயமுறுத்தல் இல்லை. கம்பெனி கை மாறினாலும் போதும். அமெரிக்காவில் கிவா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம், அலமாரிகளையே தூக்கிக்கொண்டு ஆட்களிடம் வரும் ஆரஞ்சு நிற ரோபோக்களைச் செய்து பல கம்பெனிகளுக்கு விற்றுவந்தது. 2012-இல் அமேசான் அதை 775 மில்லியன் டாலருக்கு வாங்கியது. இருந்த ஒப்பந்தங்கள் முடிந்த பிறகு வெளியாருக்கு அந்த ரோபோக்கள் கிடைக்கவில்லை. அதை நம்பிக் கிடங்கு நடத்திய குயட் லாஜிஸ்டிக்ஸ் வேறு வழியில்லாமல் சொந்தமாக ரோபோ செய்ய இறங்கியது. அப்படிப் பிறந்ததுதான் இன்று பெயர் பெற்றிருக்கும் லோகஸ் ரோபாட்டிக்ஸ். நம் நாட்டில் 2022-இல் ஆட்வெர்பின் பெரும்பான்மைப் பங்கை ரிலையன்ஸ் வாங்கியது. ஆட்வெர்ப் அதற்குப் பிறகும் மற்றவர்களுக்கு விற்றுவருகிறது. உடைமை மாறுவது குற்றமல்ல. மாறினால் நம் ஸ்பேருக்கும் சர்வீஸுக்கும் என்ன உத்தரவாதம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வது வாங்குபவரின் கடமை.

பணத்தின் அளவு மட்டும் யாரையும் காப்பாற்றாது. பிரிட்டனின் சைன்ஸ்பரீஸ் சூப்பர்மார்க்கெட் தானியங்கிக் கிடங்குகளிலும் கணினி அமைப்புகளிலும் பெரும்பணம் போட்டது. சரக்கு கடை அலமாரிக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. 2004 அக்டோபரில் 260 மில்லியன் பவுண்டைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்து, அலமாரிகளை நிரப்பக் கடைகளுக்கு 3,000 ஆட்களைப் புதிதாக எடுக்கப்போவதாக அறிவித்தது. அதே நாட்டில், ரோபோக்கள் ஓடிய, ஒக்காடோ நிறுவனத்தின் ஆண்டோவர் கிடங்கு 2019 பிப்ரவரியில் எரிந்து அழிந்தது. ரோபோ சார்ஜ் ஆகும் இடத்தில் ஏற்பட்ட மின்கோளாறில் தொடங்கிய தீ. நெருக்கமாக அடுக்கிய பெட்டிகளுக்குள் தண்ணீர் போய்ச் சேர்வது கடினம். இன்சூரன்ஸ்காரரையும் தீயணைப்பு ஆலோசகரையும் கொட்டேஷன் கட்டத்திலேயே கூட்டிவந்து வரைபடத்தைக் காட்டச் சொல்வது இதனால்தான். ஆர்டர் கொடுத்த பிறகு அவர்கள் வந்தால், ஸ்பிரிங்க்ளர் செலவு தனிப் பூதமாக நிற்கும்.

சென்னைப் பக்கத்துக்கென்று தனியாக இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் தரைக்குக் கீழே பள்ளம் தோண்டி எதையும் வைக்க ஒப்பமாட்டார்கள். ஆனால் சில லிஃப்ட்களும் கன்வேயர் திருப்பங்களும் பள்ளம் கேட்கும். பள்ளம் இல்லாத வடிவமைப்பு தர முடியுமா, மின்பேனலையும் பேட்டரி சார்ஜரையும் எவ்வளவு உயரத்தில் வைப்பீர்கள் என்று கேட்டால் சிலர் முழிப்பார்கள். இன்னொன்று வாடகை ஒப்பந்தம். ஒரகடத்தில் நாம் நிற்கும் ஷெட் பெரும்பாலும் நம்முடையதல்ல. தரையில் போல்ட் அடித்து நிறுத்தும் கிரேன் 15, 20 ஆண்டு உழைக்கும். ஷெட் ஒப்பந்தம் அதற்குள் முடிந்துவிடும். தரை எவ்வளவு மட்டமாக இருக்கிறது, எவ்வளவு எடை தாங்கும் என்பது ஷெட் உரிமையாளர் பொறுப்பா, நம் பொறுப்பா, சப்ளையர் பொறுப்பா என்ற சண்டையில் மாதக்கணக்கில் வேலை நின்ற இடங்களைப் பார்த்திருக்கிறேன். வாடகை ஷெட்டுக்கு, வேகம் கொஞ்சம் குறைந்தாலும், கழற்றி எடுத்துப் போகக்கூடிய ரேக்கும் தரையில் ஓடும் ரோபோக்களுமே பொருந்தும் என்பது என் கருத்து.

சேமிப்புக் கணக்கை சப்ளையரே போட்டுக்கொண்டு வருவார். இத்தனை ஆள் குறையும், மூன்று வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்று இருக்கும். நம் ஊர்க் கூலிக்கு அந்தக் கணக்கு தானாக நிற்காது. உதிரிபாகத் தொழிலில் பணம் வேறிடத்தில் கசிகிறது. திருநெல்வேலிக்குத் தவறான ஆயில் சீல் போய்விட்டால், அது திரும்பி வர வேண்டும், கிரெடிட் நோட் போட வேண்டும், சரியானது மறுபடி போக வேண்டும். அதுவரை மெக்கானிக் ஷெட்டில் ஒருவருடைய வண்டி பிரித்துப்போட்டபடி நிற்கும். டீலர் அடுத்தமுறை வேறு கடைக்குப் போவார். இந்தத் தவறைக் குறைப்பதுதான் எங்கள் தொழிலில் ஆட்டோமேஷனின் முதல் பயன். ஆள் குறைப்பைத் தலைப்பில் போட்டுக்கொண்டு வரும் கணக்கை ஓரமாக வைத்துவிடலாம்.

கிடங்கில் வேலை செய்யும் ஆட்களைச் சப்ளையர் தேர்வுக் கூட்டத்துக்கே கூப்பிட வேண்டும் என்பேன். ஒரு பிக்கிங் ஸ்டேஷனை மாதிரிக்குக் கொண்டுவந்து வைத்தபோது, நெடுங்காலம் பேக்கிங் செய்துவந்த ஓர் அக்கா அதன் முன் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இந்த ஸ்க்ரீன் இவ்ளோ ஒசரத்துல இருந்தா நாள் பூரா கழுத்தத் தூக்கிக்கினே நிக்கணுமே. இங்லீஷ்ல வேற கீது." வந்திருந்த சப்ளையர்களில் ஒருவர் சிரித்து மழுப்பினார். மற்றவர் அளவுநாடா எடுத்து அக்காவின் கண் உயரத்தை அளந்தார். அடுத்தமுறை வரும்போது திரை கீழே இறங்கியிருந்தது, தமிழும் இந்தியும் வந்திருந்தது, பார்ட்டின் படமும் வந்திருந்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களுக்கு அந்தப் படமே போதுமானதாக இருந்தது. விலையில் அவர் இரண்டாவது இடத்தில் இருந்தார். ஆர்டர் அவருக்குத்தான் போனது.

பணம் கொடுப்பதில் ஒரு விதியை மட்டும் நாங்கள் தளர்த்தியதில்லை. தொழிற்சாலையில் சோதனை, கிடங்கில் நிறுவிய பின் சோதனை என்று கட்டம் கட்டமாகப் பணம் போகும். கடைசித் தவணை, ஒரு மாதக் கடைசி முழுவதும் மெஷின் ஓடி முடிந்த பிறகுதான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், தன் மெஷின் மேல் நம்பிக்கையுள்ளவர் மறுக்கமாட்டார்.

இப்போது கிடங்கு ஆட்டோமேஷன் வாங்க நினைக்கும் நம்மூர் முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்த இரண்டு பிள்ளைகளை மெஷின் வந்து இறங்கும் நாளிலேயே வேலைக்கு எடுங்கள். நிறுவும் காலம் முழுக்க சப்ளையரின் ஆட்களோடு நிற்க வையுங்கள். பயிற்சி கொடுப்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி, அதற்குத் தனியாகப் பணமும் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர சப்ளையர் தயங்கினால், அவர் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்தவரிடம் போங்கள்.